வயிறு சொல்லும் சேதி, ரத்தம் சொல்லும் சேதி

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு, நம்ம ஜனங்கள் பலருக்குச் சோறு போடுவது மாரிக்குப்பம் - பெங்களூர் ரயில்தான். பெரிய வைத்தியத்துக்கும் அதே ரயில். ஐ.வி.எஃப் செய்துகொள்கிற தம்பதிகளும் அதில் போய் வருகிறார்கள். கருவைக் கர்ப்பப்பையில் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக்குச் சுமார் இரண்டு வாரம் காத்திருக்கணும்.

அந்த நாட்களில் ஊரிலிருந்து எனக்குப் போன் வரும். "அண்ணா, மார்பு வலிக்குது, தூக்கமா வருது... நல்ல அறிகுறிதானே?" மறுநாளே, "இன்னிக்கு ஒண்ணுமே தெரியலை, போச்சா?" நான் காமர்ஸ் படித்த ஆள், வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனால் இதன் சரித்திரத்தைப் படித்தபோது ஒன்று புரிந்தது.

நம் பாட்டிமாருக்கு மசக்கையும் தள்ளிப்போன நாளும்தான் ஆதாரம். 1927-ல் பெர்லினில் ஆஷைமும் சோன்டெக்கும், கர்ப்பிணியின் சிறுநீரை எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டு, அவற்றின் சினைப்பையில் வரும் மாற்றத்தை வைத்துக் கர்ப்பத்தை உறுதி செய்தார்கள். பிறகு முயல், தவளை என்று போனது. 1972-ல் அமெரிக்காவில் எச்.சி.ஜி ஹார்மோனை ரத்தத்திலேயே துல்லியமாக அளக்கும் முறை வந்தது. இன்றைய 'பீட்டா எச்.சி.ஜி' பரிசோதனையின் மூலம் அதுதான்.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அவள் தாய்க்குச் சினைப்பையைத் தூண்டும் மருந்து தரவில்லை, இயற்கையாக விளைந்த ஒரே முட்டை. அதே வருஷம் அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா பிறந்தாள். அவர் மருந்தால் தூண்டி, கருவை உறைய வைத்து, பிறகு வைத்தார். அரசுக் கமிட்டி நம்பவில்லை. மனிதர் 1981-ல் தற்கொலை செய்துகொண்டார். மும்பையில் 1986-ல் இந்திரா ஹிந்துஜாவுடன் சேர்ந்து ஹர்ஷாவின் பிறப்பைச் சாத்தியமாக்கிய விஞ்ஞானி ஆனந்த் குமார், பின்னாளில் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்து, 'முதல் பெருமை அவருக்குத்தான்' என்று 1997-ல் எழுதினார். எவ்வளவு பெரிய மனசு!

மருந்தால் தூண்டுவது வழக்கமானதும் ஒரு சிக்கல் வந்தது. அந்த முறையில் உடம்பு தானாகச் சுரக்கும் ப்ரோஜெஸ்டிரோன் போதாமல் போகும். அதனால் அதை ஊசியாகவோ மாத்திரையாகவோ தருகிறார்கள். மார்பு வலி, வயிறு உப்பல், மலச்சிக்கல், தூக்கம் எல்லாம் இந்த மருந்தாலேயே வரும். கர்ப்பத்திலும் இதே ஹார்மோன்தான் இதையெல்லாம் செய்கிறது. அப்புறம் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? அறிகுறி இருந்தாலும் நிச்சயமில்லை, இல்லாவிட்டாலும் தோல்வியில்லை.

வீட்டிலேயே சீக்கிரம் டெஸ்ட் செய்வதும் ஏமாற்றும். முட்டை எடுக்குமுன் போடும் எச்.சி.ஜி ஊசி பத்துப் பன்னிரண்டு நாள்கூட உடம்பில் தங்கி, பொய்யாக 'ஆமாம்' என்று காட்டலாம். நம் சுரங்கத்திலும் மினுக்கத்தைப் பார்த்துக் கணக்கு எழுதியதில்லை. கல்லைப் பொடித்துச் சோதித்துத்தான் தங்கம் எவ்வளவு என்று எழுதினார்கள்.

ரயில் குலுங்கினால் கரு விழுந்துவிடாது. நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பதால் பலன் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. லேசாகக் கறை பட்டால், தானாக மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்கணும். ஆனால் வயிறு வேகமாக வீங்குவது, கடும் வலி, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது, அதிக ரத்தப்போக்கு... இதில் எது வந்தாலும் பரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

தூர தேசத்தில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. தினமும் போன் போட்டு "ஏதாவது தெரியுதா?" என்று கேட்காமல் இருப்பது. "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்டால் போதும். பதிலை ரத்தம் சொல்லும், அந்தத் தேதியில்.