மாத்திரையும் மின்துடிப்பும்: ஓசூர் எல்லை மொழிகளில் காக்ளியர் இம்ப்ளான்ட் கேட்டல்

ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அன்றாடம் புழங்குகின்றன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இங்கு ஏராளம். பிறவிச் செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்செவியில் பொருத்தும் மின்கருவி) சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். அக்கருவி ஒலியின் காலக்கூறுகளை ஒரே தரத்தில் கடத்துவதில்லை. ஆகவே ஒரு மொழியில் அளந்த கேட்டல் திறன் இன்னொரு மொழிக்குச் சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேச்சொலியின் காலக்கூறுகளை ஸ்டூவர்ட் ரோசன் 1992இல் மூன்றாக வகுத்தார். வினாடிக்கு ஏறத்தாழ 2 முதல் 50 முறை ஏறி இறங்கும் ஒலி வீச்சின் புறவடிவம் முதலாவது. குரல்நாண் அதிர்வைக் காட்டும் 50 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான சீரலைவு இரண்டாவது. அதற்கும் மேற்பட்ட நுண் அலைவு மூன்றாவது. பிளேக் வில்சன் குழுவினர் இம்ப்ளான்ட் கருவிக்காக 1991இல் வெளியிட்ட ஒலிச் செயலாக்க முறையும் அதன் வழிவந்தவையும் ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் புறவடிவத்தை மட்டும் எடுத்து, மாறா வேகத்தில் செல்லும் மின்துடிப்புகளின் மேல் ஏற்றுகின்றன. நுண் அலைவு பெரும்பாலும் கைவிடப்படுகிறது. அமைதியான இடத்தில் பேச்சு விளங்க இதுவே பெருமளவு போதும். நான்கே பட்டைகளின் புறவடிவத்தைக் கொண்டு கேட்போர் பேச்சை அறிந்துகொள்வதை ராபர்ட் ஷானன் குழு 1995இல் காட்டியது.

தமிழுக்கு இது பெரிதும் இணக்கமானது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் வகுத்த வேறுபாடு முதன்மையாகக் கால அளவைச் சார்ந்தது. படு, பாடு, பட்டு, பாட்டு என்னும் நான்கு சொற்களைப் பிரிப்பவை உயிரின் நீளமும் டகர அடைப்பின் நீளமும். அவ்வேறுபாடுகள் பல பத்து மில்லி வினாடிகள் கொண்டவை. தேர்ந்த இம்ப்ளான்ட் பயனர்களோ சில மில்லி வினாடி இடைவெளியையும் உணர்கிறார்கள்.

கன்னடத்தில் நிலை வேறு. காளி தெய்வத்தின் பெயர். அதன் முதலெழுத்தையே குரல் அதிர்வோடு ஒலித்தால் காற்று என்று பொருள். தமிழ் எழுத்து இரண்டையும் ஒரே வடிவில்தான் காட்டும். இவ்வேறுபாட்டின் முக்கிய அடையாளம், அடைப்புத் திறக்குமுன் எழும் மெல்லிய தாழ்சுருதி அதிர்வு. ஆண்குரலில் அது 120 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். பரவலாக வழங்கும் ஒரு கருவி நிரலிலோ முதல் பட்டையே 188 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. எனவே அவ்வடையாளம் மங்கியே சேரும். உதட்டசைவு பார்த்தும் இதைப் பிரிக்க முடியாது. தெலுங்குக்கும் இது பொருந்தும்.

சூழல் அறிந்து குழந்தை பொருளை ஊகித்துக்கொள்ளும் என்று மறுக்கலாம். தெரிந்த சொல்லுக்கு அது சரி. புதுச் சொல்லைக் கற்கும் வயதில் ஊகிக்கப் பற்றுக்கோடு எது? மேலும், தமிழுக்குக் கிட்டும் சாதகமும் அமைதியில் மட்டுமே நிற்கும். ஓசூரின் சிப்காட் தொழில் வளாகத்து இரைச்சலும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓசையும் பட்டு, பாட்டு ஆகியவற்றின் மௌன இடைவெளியை நிரப்பிவிடும். இயல்பாகக் கேட்போர் சுருதியைப் பற்றிக்கொண்டு பேச்சைப் பிரித்தெடுக்கிறார்கள். சுருதி மங்கிய பயனருக்கு அவ்வழி குறுகியது.

திசையறிதலிலும் இதே குறை தெரிகிறது. இரு செவிகளுக்கும் ஒலி எட்டும் நேர வேறுபாடு அதிகபட்சம் 0.7 மில்லி வினாடி அளவே. இரு காதிலும் கருவி இருந்தாலும், அவை தத்தம் கடிகாரப்படி துடிப்பதால் இந்நேரக் குறிப்பு சிதைகிறது. ஒலி அளவின் வேறுபாட்டையே பயனர் நம்ப வேண்டியுள்ளது. கனரக வண்டிகள் ஓடும் தொழில் நகரில் இது பாதுகாப்புக் கேள்வியும் ஆகும்.

ஆகவே இவ்வட்டாரத்தில் சிகிச்சைக்குப் பிந்தைய மதிப்பீடு குழந்தையின் வீட்டு மொழியிலும் நடக்க வேண்டும். சொற்பட்டியலில் நீள வேறுபாட்டு இணைகளும் குரலதிர்வு இணைகளும் தனித்தனியே இடம்பெற வேண்டும்; அமைதியிலும் இரைச்சலிலும் சோதிக்க வேண்டும். தமிழ்ச் சொற்பட்டியலை மட்டும் வைத்துத் தரும் தேர்ச்சி, ஓசூர்க் குழந்தையின் கேட்டலில் பாதியைத்தான் அளக்கிறது.