சிகரெட்டை விட்டாச்சு... திரும்பத் தொடாம இருப்பீங்களா? மன உறுதியை அளக்கும் கேள்விகள் இவைதான்!

"சிகரெட்டை நிறுத்திட்டேன்" என்று யாராவது சொன்னால் நாம் உடனே கேட்பது, "எத்தனை நாளாச்சு?" என்பதுதான். ஆனால் புகைப்பழக்கத்தை விட உதவும் மருத்துவர்களும் ஆலோசகர்களும் நாள் கணக்கோடு விடுவதில்லை. இவர் இனியும் தாக்குப்பிடிப்பாரா என்பதையும் அளந்து பார்க்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கருவி இருக்கு, சர்க்கரைக்கும் கருவி இருக்கு. மன உறுதிக்கு? சில கேள்விகள்தான் இருக்கு. எந்தக் கேள்வியை எப்போ கேட்கணும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆசைக்குக் குறைச்சல் இல்லை

2016-17ல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் நிறுத்தத் திட்டமிட்டோ, யோசித்துக்கொண்டோ இருந்தார்கள். அதற்கு முந்தைய 12 மாதங்களில் 38.5 சதவீதம் பேர் முயற்சியும் செய்திருந்தார்கள்.

ஆனால் முயற்சி செய்தவர்கள் என்ன ஆகிறார்கள்? எந்த உதவியும் இல்லாமல் தாங்களாகவே நிறுத்தியவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2004ல் ஒரு கட்டுரை வெளியானது. 6 முதல் 12 மாதம் வரை தொடாமல் இருந்தவர்கள் வெறும் 3 முதல் 5 சதவீதம் பேர். பெரும்பாலானவர்கள் முதல் 8 நாட்களுக்குள்ளேயே மீண்டும் பற்ற வைத்துவிட்டார்கள்.

ஏணியின் உச்சிக்கு ஏறியாச்சு, அப்புறம்?

இந்தத் துறையில் பிரபலமான அளவுகோல் ஒன்று 1991ல் வந்தது. ஒரு ஏணிப் படம். 0 முதல் 10 வரை படிகள். கீழ்ப்படி என்றால் நிறுத்தும் எண்ணமே இல்லை. மேலே போகப்போக எண்ணம் வலுக்கிறது. உச்சிப்படி என்றால் நிறுத்துவதற்கான வேலையில் இறங்கிவிட்டார் என்று பொருள். நீங்க எந்தப் படியில நிக்கிறீங்கன்னு கேட்பாங்க, அவ்வளவுதான். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், அரை நிமிஷத்துல முடிஞ்சிடும்.

சிக்கல் என்னன்னா, இந்த ஏணி நிறுத்துவதற்கு முன்னாடி இருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. நேற்று நிறுத்தியவரும் உச்சியில்தான் நிற்பார், ஆறு மாதம் முன்பு நிறுத்தியவரும் உச்சியில்தான் நிற்பார். அதற்கு மேல் படி கிடையாது.

1983ல் ஜேம்ஸ் புரோச்சாஸ்காவும் கார்லோ டிக்ளமென்டியும் புகைப்பவர்களை ஆராய்ந்து முன்வைத்த 'மாற்றத்தின் கட்டங்கள்' கோட்பாடு இதற்கு ஒரு வழி சொன்னது. நிறுத்திய முதல் 6 மாதம் 'செயல்' கட்டம், அதற்குப் பிறகு 'தக்கவைக்கும்' கட்டம். ஆனால் இதுவும் கடைசியில் காலண்டரைப் பார்த்துச் சொல்வதுதானே? 2005ல் பிரிட்டன் ஆய்வாளர் ராபர்ட் வெஸ்ட், இந்தக் கோட்பாட்டையே ஓய்வெடுக்க அனுப்பிவிடலாம் என்று காட்டமாக எழுதினார். இந்தக் கோடுகள் தன்னிச்சையாகப் போடப்பட்டவை என்பது அவருடைய வாதங்களில் ஒன்று.

2011ல் வெளியான இன்னொரு ஆய்வுத் தொகுப்பு இன்னும் முக்கியமானது. நிறுத்தணும் என்ற ஊக்கம் அதிகம் உள்ளவர் முயற்சியில் இறங்குவார், அது உறுதி. ஆனால் அந்த முயற்சி ஜெயிக்குமா என்பதைத் தொடர்ந்து சரியாகக் காட்டியது ஊக்கம் இல்லீங்க, நிகோடினுக்கு அவர் எவ்வளவு அடிமை என்பதுதான். அதை அளக்க 'ஃபாகர்ஸ்ட்ராம் சோதனை' என்ற ஆறு கேள்விப் பட்டியல் இருக்கிறது. அதில் முக்கியமான கேள்வி, "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" 5 நிமிஷத்துக்குள் என்றால் முழு 3 மதிப்பெண். ஒரு மணி நேரம் கழித்து என்றால் பூஜ்யம். இங்கே அதிக மார்க் வாங்குவது நல்லதில்லை!

அப்படின்னா விட்ட பிறகு தவறி விழுகிறவரைப் பார்த்து "உனக்கு மனசு இல்லை" என்று திட்டுவதில் பெரிய அர்த்தம் இல்லை.

9 மார்க், 4 மார்க்

ஆலோசகர்கள் இப்போது ஒரு எண்ணுக்குப் பதிலா இரண்டு எண் கேட்கிறார்கள். "புகைக்காம இருக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0-லேர்ந்து 10-க்குள்ள சொல்லுங்க." அடுத்தது, "உங்களால முடியும்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு?"

முதல் கேள்விக்கு 9, இரண்டாவதுக்கு 4 என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவருக்கு நுரையீரல் புற்றுநோய் படத்தைக் காட்டிப் பயமுறுத்தி என்ன பயன்? முக்கியம் என்பது அவருக்கே தெரியும். குறைவது அந்த 4-தான்.

இங்கே ஆலோசகர் கேட்கும் அடுத்த கேள்வி கொஞ்சம் விசித்திரமானது. "ஏன் 10 இல்லை?" என்று கேட்க மாட்டார். "ஏன் 4? ஏன் 1 இல்லை?" என்றுதான் கேட்பார். முதல் மாதிரி கேட்டால் ஆபீஸ் டென்ஷன், ஃப்ரெண்ட்ஸ் சகவாசம் என்று சாக்குகள் வரிசையாக வரும். இரண்டாவது மாதிரி கேட்டால், "போன தடவை மூணு மாசம் விட்டிருந்தேனே" என்று தன் பலத்தை அவரே எடுத்துச் சொல்வார். பிறகு, "4-ஐ 6 ஆக்க என்ன வேணும்?" என்று பேச்சு நகரும். 'ஊக்கமூட்டும் உரையாடல்' என்ற ஆலோசனை முறையின் உத்தி இது. வீட்டில் உள்ளவர்களும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

டீக்கடையில் எத்தனை மார்க்?

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் 10-க்கு 10 போட்டுக்கொள்ளலாம். அதே ஆள் சாயங்காலம் டீக்கடையில், கையில் கிளாஸோடு, பக்கத்தில் ஒருவர் பற்ற வைக்கும்போது எத்தனை மார்க் போடுவார்?

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் ஜான்-பிரான்சுவா எட்டர் குழுவினர் 2000ல் வெளியிட்ட 12 கேள்விப் பட்டியல் இந்த இடத்தைத்தான் பிடித்தது. ஆறு கேள்விகள் மனசுக்குள் நடப்பவை: பதற்றம், சோர்வு, கோபம் போன்றவை. மற்ற ஆறும் வெளியே நடப்பவை: மது, கொண்டாட்டம், சாப்பாடு முடிந்த நேரம், புகைப்பவர்கள் கூட இருப்பது, காபி அல்லது டீ குடிப்பது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் "இந்த நேரத்துல புகைக்காம இருப்பேன்னு எவ்வளவு உறுதி?" என்று 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தக் கூட்டலைவிட எந்த வரியில் 1 விழுந்திருக்கிறது என்பதுதான் பயன்படும். டீ வரியில் 1 என்றால், சில வாரம் டீயை வேறு இடத்தில் குடிக்கலாம்.

தினமும் கேட்க ஒரு கேள்வி

இதையெல்லாம் விடச் சுலபமான அளவு ஒன்று இருக்கிறது. "கடந்த 24 மணி நேரத்துல புகைக்கணும்னு எவ்வளவு நேரம் தோணுச்சு, எவ்வளவு பலமா தோணுச்சு?" ராத்திரி படுக்கப் போகும்போது செல்போனில் 0 முதல் 5 வரை ஒரு எண்ணைக் குறித்து வைத்தால் போதும். நிகோடின் நின்றதால் வரும் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் வாரத்தில்தான் உச்சம். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் தணியும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் விட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், மீண்டும் புகைத்ததோடு தொடர்புடையதாகத் தெரிந்தவை இரண்டு: அடிக்கடி எழும் உந்துதல், தன்மேல் உள்ள நம்பிக்கைக் குறைவு.

மூச்சுக்காற்றில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவியும் இருக்கே என்று கேட்கலாம். அது புகைத்தீர்களா என்று மட்டும்தான் சொல்லும், அதுவும் ஏறக்குறைய கடைசி ஒரு நாளுக்கு.

ஒண்ணு அடிச்சுட்டா?

ஒரு சிகரெட் பிடித்ததுமே "எல்லாம் போச்சு, நமக்கு இது சரிப்படாது" என்று பாக்கெட்டே வாங்கிவிடும் மனநிலையை, உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களிலேயே விளக்கினார். அந்த ஒரு சிகரெட்டை விட, அதற்குப் பிறகு மனசுக்குள் விழும் பூஜ்ய மார்க்தான் ஆளைக் கவிழ்க்கிறது. ஆலோசகர்கள் "ஒரு இழுப்புகூட வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 'ரஸ்ஸல் தரநிலை' என்ன சொல்கிறது தெரியுமா? 6 அல்லது 12 மாதத்தில் மொத்தம் 5 சிகரெட்டுக்கு மேல் போகாமல், முடிவில் பரிசோதனையிலும் தேறினால் அவர் விட்டவர் கணக்கில்தான் வருவார். அதனால் தவறிய அன்றைக்கே 12 கேள்விகளையும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். எந்த வரியில் சறுக்கியது என்று தெரியும்.

பீடிக்கும் இதே கணக்குதான். உதவி தேவைப்படுபவர்கள், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும் மத்திய அரசின் இலவச எண் 1800-11-2356ஐ அழைக்கலாம். ஆலோசகர்கள் பிறகு திரும்ப அழைத்தும் விசாரிப்பார்கள். அப்போ "பரவாயில்லைங்க, போயிட்டிருக்கு" என்று மட்டும் சொல்லாமல், செல்போனில் குறித்த எண்களைப் பார்த்துச் சொல்லலாம்.