பேஸ் மாடல் ரேஞ்ச் ரோவரும் டாப் மாடல் பாகங்களும்

1970 ஜூன் மாதம் இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையிலிருந்து விற்பனைக்கு வந்த ரேஞ்ச் ரோவரில் பேஸ் மாடல், டாப் மாடல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தது ஒரே மாடல். இரண்டு கதவுகள், 3.5 லிட்டர் அலுமினிய வி8 என்ஜின், எந்நேரமும் நான்கு சக்கரங்களையும் இழுக்கும் டிரைவ், காயில் ஸ்பிரிங், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். விலை 1,998 பவுண்டு. ஸ்பென் கிங், கார்டன் பாஷ்ஃபோர்டு இருவரும் பொறியியலைப் பார்த்துக்கொண்டார்கள். தோற்றத்துக்கு இறுதி வடிவம் தந்தவர் டேவிட் பாஷ். இயந்திர அளவில் அன்றைய சொகுசு கார்களுக்குச் சளைக்காத வண்டிதான். உள்ளே ஏறினால் கதை வேறு. வினைல் சீட், ரப்பர் விரிப்பு, வெறும் பிளாஸ்டிக் டேஷ்போர்டு. பண்ணையில் சேறு அப்பினால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம் என்பதே அந்த உள்ளலங்காரத்தின் கணக்கு. பவர் ஸ்டீயரிங் கிடையாது.

ஏறத்தாழ 1.7 டன் எடையுள்ள வண்டியை நிறுத்துமிடத்தில் கையால் வளைத்துத் திருப்புவது சின்ன வேலையல்ல. 1973-இல் பவர் ஸ்டீயரிங்கைக் கூடுதல் காசுக்குத் தர ஆரம்பித்தார்கள். முன்பே வாங்கியவர்களும் அதைக் கேட்டார்கள். என்ஜின் முகப்பில் ஒரு பம்ப், அதை ஓட்ட ஒரு பெல்ட், எண்ணெய்ப் புட்டி, குழாய்கள், புதிய ஸ்டீயரிங் பெட்டி, இவ்வளவுதான் தேவை. சேசிஸ் மாறவில்லை என்பதால் புதிய வண்டியின் பாகம் பழைய வண்டியில் உட்கார்ந்தது. கீழ்நிலை வண்டிக்கு மேல்நிலை வசதியைப் பிறகு பொருத்தும் வழக்கம் ரேஞ்ச் ரோவரில் இப்படித்தான் தொடங்கியது: ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் முடியக்கூடிய வேலையாக.

ஆலையைவிட வெளியாட்களே இதில் முந்திக்கொண்டார்கள். 1970களில் ஆலையின் உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்டுக்குப் பணத் தட்டுப்பாடு. நன்றாக விற்ற ரேஞ்ச் ரோவருக்கே அது செலவழிக்கவில்லை. நான்கு கதவு வண்டி ஆலையிலிருந்து வர 1981 ஆயிற்று, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு 1982. வளைகுடா நாட்டுப் பணக்காரர்கள் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை. மினி கார்களை அலங்கரித்துப் பெயர் வாங்கிய லண்டனின் வுட் அண்ட் பிக்கெட் பட்டறை, ரேஞ்ச் ரோவருக்குள் தோலும் மரமும் கம்பளமும் வைத்தது. 1975-இல் ஷூலர் என்ற பெயரில் தொடங்கிய ஓவர்ஃபின்ச், கியர்பாக்ஸையும் என்ஜினையுமே மாற்றிக் கொடுத்தது. சுவிட்சர்லாந்தின் மான்டெவெர்டி 1980-இல் இரண்டு கதவு உடலை அறுத்து நான்கு கதவாக்கி, ஆலையின் சம்மதத்தோடு விற்றது. இந்தப் பட்டறைகள் எல்லாம் கண்ணியமான ரசனை கொண்டவை என்று சொல்ல முடியாது. ஆறு சக்கரம், திறந்த கூரை, தங்க முலாம் என்று போனவர்களும் உண்டு. ஆனால் வாங்குபவன் எதற்குக் காசு கொடுப்பான் என்பதை ஆலைக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

இதற்கு அச்சொட்டான சான்று ‘இன் வோக்’. வுட் அண்ட் பிக்கெட் தயாரித்த ஒரு வண்டியை வோக் பத்திரிகை பிரான்சின் பியாரிட்ஸ் கடற்கரையில் நடந்த ஆடைப் படப்பிடிப்புக்கு வாங்கிச் சென்றது. படங்கள் பேசப்பட்டன. உடனே ஆலையே 1981-இல் வெளிர்நீல நிறத்தில், கதவோரங்களில் மரத்தாலான பட்டை, பின்பக்கம் கம்பளம், உணவுக்கூடை சகிதம் 1,000 வண்டிகளைச் செய்து விற்றது. 1984-இல் ‘வோக்’ நிரந்தர மாடலாயிற்று. 1988-இல் தோல் சீட்டோடு ‘வோக் எஸ்இ’ அதற்கு மேலே உட்கார்ந்தது. பட்டறைக்காரர்களின் கூடுதல் வேலை ஆலையின் விலைப்பட்டியலில் மேல்படியாகிவிட்டது. ஒரே மாடலாக இருந்தது கீழ்ப்படியானது. பேஸ் மாடல் என்ற ஒன்று பிறந்தது அப்போதுதான்.

மேல்நிலை வசதியைப் பிறகு பொருத்தும் இந்தத் தொழில் சாமானியர் கைக்கு வந்ததற்குக் காரணம் துரு. ரேஞ்ச் ரோவரின் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம். அதைத் தாங்கும் உட்சட்டம் இரும்பு. வெளியே பளபளப்பாக நிற்கும் வண்டியின் கதவடிப் பட்டையும் பின் தரையும் டெயில்கேட்டும் உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கும். வி8 குடிக்கும் பெட்ரோலும் சேர்ந்துகொள்ள, 1990களில் பழைய வோக் எஸ்இ-களின் விலை பாதாளத்துக்குப் போனது. ஆண்டுச் சோதனையில் சட்டம் தேறவில்லை என்றால் நேராகக் காயலான் கடைதான். ஆனால் அதன் தோல் சீட்டுகள், மரப்பட்டைகள், அலாய் சக்கரங்கள், பவர் விண்டோ மோட்டார்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கும். சட்டம் கெட்டியாக உள்ள பேஸ் மாடலை வைத்திருப்பவர், சட்டம் போன டாப் மாடலை முழுசாக வாங்கிப் பிரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விற்பார். மீதி விற்ற காசே வாங்கிய விலையைத் தேற்றிவிடுவதும் உண்டு. எல்லாவற்றிலும் மலிவான ‘மேம்பாடு’ பின்கதவில் ஒட்டும் பெயர்ப்பட்டைதான். அதைப் பார்த்து மட்டும் வாங்கி ஏமாந்தவர்களும் இருந்தார்கள்.

சீட் மாற்றுவது சுலபமாகத் தெரியும். நாலு போல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை முடுக்கும் விஷயம்தானே என்று இறங்கினால், இரண்டு கதவு வண்டியில் சிக்கல் காத்திருக்கும். அதில் முன் சீட் உட்காருவதற்கு மட்டுமல்ல. பின்னால் ஏற வழிவிட அது மடிந்து முன்னே சாய வேண்டும். அதோடு சீட் பெல்ட்டின் பிடிமானமே சீட்டுக்குள் இருக்கிறது. பெல்ட் கதவுத்தூணில் தொங்கவில்லை. மோதலில் ஆளின் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியது அந்த சீட்டின் சட்டம். நான்கு கதவு வோக்கின் தோல் சீட் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் பெல்ட் தூணிலிருந்து வருவது. அதைத் தூக்கி இரண்டு கதவில் வைத்தால் பெல்ட்டுக்குப் பிடி இருக்காது. தூணில் துளையிட்டு போல்ட் போடலாம் என்றால் அந்தத் தூணுக்கு அப்படி ஒரு வலுவூட்டல் தரப்படவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பழைய சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேலுறையை மட்டும் தோலில் தைக்கக் கொடுத்தார்கள். பார்வைக்கு அரை வோக். பாதுகாப்புக்கு முழு ரேஞ்ச் ரோவர்.

நான்கு கதவு பேஸ் மாடலில் வேலை இன்னும் நேர்கோடு. கைப்பிடி சுற்றிக் கண்ணாடி இறக்கும் கதவுக்குள் மோட்டார் பொறியை மாட்டி, ஒயரைக் கதவுக்கீல் வழியே உடலுக்குள் கொண்டுபோய், நடுப்பெட்டியில் சுவிட்சை வைத்து, ஃப்யூஸ் ஒன்றைச் சேர்த்தால் போதும். மின்சாரம் சுவிட்சிலிருந்து மோட்டாருக்குப் போனது. இடையில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

எல்லை ஒன்றும் இருந்தது. 1990-இல் ஸ்பென் கிங்கின் முழுப்பெயரின் முதலெழுத்துகளோடு 200 வண்டிகளாக வந்த ‘சிஎஸ்கே’யில் ஆன்டி-ரோல் பார் இருந்தது, திருப்பத்தில் படகுபோல் சாயும் பழக்கம் குறைந்தது. அதைப் பழைய வண்டியில் பொருத்த பாரை வாங்கினால் போதாது. பிடிக்கும் தாங்கிகள் பழைய ஆக்ஸிலில் இல்லை. ஒன்று வெல்டிங், அல்லது ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். ஏபிஎஸ் அதைவிடப் பெரிய பூதம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் சென்சார், அதற்கேற்ற ஹப், தனி பம்ப், தனி கம்ப்யூட்டர். இதைப் பழைய வண்டியில் ஏற்றுவதைவிட ஏபிஎஸ் உள்ள வண்டியையே வாங்குவது லாபம் என்று பெரும்பாலோர் கணக்குப் போட்டார்கள்.

1992-இல் 108 அங்குல வீல்பேஸோடு வந்த ‘எல்எஸ்இ’ ஏர் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. கம்ப்ரசர், காற்றுத்தொட்டி, வால்வுக் கட்டை, சக்கரங்களின் உயரம் அளக்கும் சென்சார்கள், இவற்றை ஆளும் கம்ப்யூட்டர் என்று பட்டியல் நீளம். இங்கே வழக்கம் தலைகீழானது. ரப்பர் பைகள் கசிந்து, காலையில் வண்டி தரையில் படுத்துக் கிடப்பதைக் கண்ட எல்எஸ்இ சொந்தக்காரர்கள், பேஸ் மாடலின் காயில் ஸ்பிரிங்கை வாங்கித் தங்கள் டாப் மாடலுக்குப் போட்டார்கள். அதற்கென்றே கிட்டுகள் விற்றன. ஓட்டத்தில் ஏர் சஸ்பென்ஷனின் மென்மை காயிலுக்கு வராது என்பது உண்மை. ஆனால் இருபது வருட வண்டியில் கசியாத ஸ்பிரிங்குக்கும் ஒரு மரியாதை உண்டு.

முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர் 1996 வரை, 3,17,615 வண்டிகளோடு ஓடி முடிந்தது. அதற்குமுன் 1994-லேயே இரண்டாம் தலைமுறை ‘பி38’ வந்துவிட்டது. பெட்ரோலில் 4.0, 4.6 லிட்டர், டீசலில் பிஎம்டபிள்யூவின் 2.5 லிட்டர். ஏர் சஸ்பென்ஷன் எல்லா வண்டிக்கும் பொது. கீழ்மாடலில் துணி சீட், மேலே ஏற ஏறத் தோல், நினைவில் வைத்திருக்கும் மின் சீட், க்ரூஸ் கண்ட்ரோல். காகிதத்தில் பழைய படிக்கட்டுதான். ஆனால் முன் சீட்டின் அடியில் ‘பெசிஎம்’ என்ற கம்ப்யூட்டர் பெட்டி குடியேறிவிட்டது. கண்ணாடி, பூட்டு, விளக்கு, அலாரம், சீட் எல்லாமே அதன் வழியாகத்தான் இயங்கின. சுவிட்ச் இனி மோட்டாருக்கு மின்சாரம் தரவில்லை. பெசிஎம்மிடம் விண்ணப்பம் போட்டது.

ஆகவே உயர்ந்த மாடலின் சீட்டையும் ஒயரையும் முழுசாக மாற்றி வைத்தாலும், வண்டியில் அந்த வசதி உண்டு என்று பெசிஎம்முக்குச் சொல்லாதவரை அது கண்டுகொள்ளாது. சொல்வதற்கான கருவி முதலில் டீலரிடம் மட்டும் இருந்தது. துணிந்து வேறு வண்டியின் பெசிஎம்மையே பிடுங்கி மாட்டியவர்கள் இன்னொரு பாடம் கற்றார்கள்: பெட்ரோல் வண்டியில் அதன் பாதுகாப்புக் குறியீடும் என்ஜின் கம்ப்யூட்டரின் குறியீடும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சீட் சூடாக வேண்டும் என்று தொடங்கிய வேலை, வண்டியை இழுத்துச்செல்லும் லாரியில் முடியும். நானோகாம் போன்ற தனியார் கருவிகள் வந்த பிறகே பி38 வேலை மறுபடி வீட்டுக் கொட்டகைக்குத் திரும்பியது.

2001 கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறை ‘எல்322’ பிஎம்டபிள்யூ உருவாக்கிய வண்டி; ஆனால் ரேஞ்ச் ரோவரின் தயாரிப்பாளரான, தன் கையிலிருந்த லேண்ட் ரோவரை பிஎம்டபிள்யூ 2000-லேயே ஃபோர்டுக்கு விற்றுவிட்டது. அப்பா பெயர் மாறினாலும் நரம்பு மாறவில்லை. 2005 வரையான எல்322-இல் ஓடியது பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், 7 சீரிஸ் கார்களின் மின்னணு அமைப்பு. இது பேஸ் மாடல்காரர்களுக்கு அடித்த யோகம். விளக்குகளை ஆளும் பெட்டி, நேவிகேஷன் கம்ப்யூட்டர், பார்க்கிங் சென்சார் போன்றவற்றை ரேஞ்ச் ரோவர் விலைக்கு வாங்கத் தேவையில்லை. ஏராளமாக விற்ற பிஎம்டபிள்யூ செடான்களின் காயலான் கடையில் கிடைத்தன. சிடியில் வரைபடம் படிக்கும் பழைய நேவிகேஷனை எடுத்துவிட்டு டிவிடியில் படிக்கும் பெட்டியை வைப்பது அக்காலத்தின் பிரபலமான வேலை. கோடிங் செய்ய, லேண்ட் ரோவரை அறியாத பிஎம்டபிள்யூ மெக்கானிக்கே போதும்.

லேண்ட் ரோவரின் இன்னொரு வண்டியான 2004-இன் டிஸ்கவரி 3-லும் பின்வந்த ரேஞ்ச் ரோவர்களிலும் இன்னொரு மாற்றம். இந்த வண்டியில் என்னென்ன உண்டு என்பதை ஒரு பட்டியல் கோப்பில் எழுதி வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். மற்றப் பெட்டிகள் அதைப் படித்து நடந்துகொள்ளும். டீசல் டிஸ்கவரி 3-ஐயே பார்க்கலாம். குளிரில் என்ஜின் சீக்கிரம் சூடேற உதவ, வெபாஸ்டோவின் எரிபொருள் ஹீட்டர் ஒன்று அதில் ஏற்கெனவே உண்டு. ரிமோட்டை அழுத்தி, ஏறுவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கும் வசதி மட்டும் தனி விலை. சொந்தக்காரர்கள் ஒரு ரிசீவரை வாங்கி இரண்டு மூன்று ஒயரோடு இணைத்து அந்த வசதியை எடுத்துக்கொண்டார்கள். டாப் மாடலின் பொருள் பேஸ் மாடலுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. ஐஐடி டூல் போன்ற கைக்கருவிகளால் கோப்பையும் திருத்த முடிந்தது. ஆனால் எல்லாமே கோப்பில் இல்லை: பின் டிஃபரன்ஷியல் லாக் வேண்டுமென்றால் அந்த டிஃபரன்ஷியலையும் மோட்டாரையும் ஒயரையும் அடியில் படுத்து மாட்டியே ஆக வேண்டும். காயில் ஸ்பிரிங் டிஸ்கவரிக்கு ஏர் சஸ்பென்ஷன் போடலாம் என்று கிளம்பியவர்களில் பலர், பாகங்களின் விலையைக் கூட்டிப் பார்த்ததும் ஏர் உள்ள வண்டியையே தேடிப் போனார்கள்.

இதற்கிடையே 1970களின் வண்டிகளுக்கு மவுசு ஏறிவிட்டது. 2017-இல் பாரிஸ் ரெட்ரோமொபில் கண்காட்சியில் லேண்ட் ரோவரே 1978-இன் இரண்டு கதவு வண்டி ஒன்றைப் புதுப்பித்து, ‘ரீபார்ன்’ என்று பெயரிட்டு வைத்தது. அந்த வரிசையில் விலை 1,35,000 பவுண்டில் தொடங்கியது. வோக் தோல் சீட் போட்ட ஆரம்பகால வண்டிகளை வாங்குபவர்கள் இப்போது அந்தத் தோலைக் கழற்றிவிட்டு வினைல் சீட்டையும் ரப்பர் விரிப்பையும் தேடுகிறார்கள். கழுவக்கூடியது என்று தூக்கியெறியப்பட்டவை என்பதால் அவை லேசில் கிடைப்பதில்லை. மரப்பட்டைக்காகவும் மீட்டர்களுக்காகவும் டேஷ்போர்டில் போட்ட துளைகளை மூட வழியில்லாமல், முழு டேஷ்போர்டையே மாற்ற நேர்கிறது.