கடல் கடந்து வந்த குருமாணவர்கள்

யூபிலி கொண்டாடும் இந்நன்னாளில் நம் ஆலயங்களைக் கட்டிய பெரியோரை நன்றியோடு நினைக்கின்றோம். அவர்களுக்கு இணையாக நினைக்கத் தக்க இன்னொரு கூட்டமும் உண்டு. படிக்கும் பருவத்திலேயே தாயகத்தை விட்டு இங்கு வந்த இளம் துறவிகளே அவர்கள்.

புதிய மதுரை மிஷன் 1838இல் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குருக்களால் தொடங்கப்பட்டது. முதலில் வந்த நால்வர் பெர்த்ராந்து, கார்னியே, மர்த்தேன், து ராங்கே சுவாமிகள். 1843ஆம் ஆண்டு முடிவதற்குள் அவர்களில் மூவர் மாண்டனர். காலராவும் காய்ச்சலும் வெயிலும் பின்னர் வந்தவர்களையும் விட்டு வைக்கவில்லை. இச்செய்திகள் பிரெஞ்சு நாட்டை எட்டாமல் இல்லை. ஆயினும் அடுத்த கப்பலில் ஏற இளைஞர் முன்வந்தனர். இதுவே நாம் வியக்க வேண்டிய செய்தி.

உடல்நலம் காக்கக் குளிர்ந்த இடம் தேவைப்பட்டது. கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் 1895இல் திருஇருதயக் கல்லூரி எழுந்தது. அதே ஆண்டில்தான் பெரியாறு அணை திறக்கப்பட்டு நம் கம்பம் பள்ளத்தாக்கிற்குப் புதுநீர் வந்தது. செண்பகனூரில் வெளிநாட்டு இளைஞரும் நம் நாட்டு இளைஞரும் ஒரே கூரையின் கீழ் மெய்யியல் பயின்றனர்.

அந்நாளில் செண்பகனூர் செல்லும் வழி நம் பெரியகுளம் பக்கமாகவே அமைந்திருந்தது. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டிறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் வந்து, கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் மலையேற வேண்டும். பெட்டிகளையும் புத்தகங்களையும் தலையில் சுமந்து ஏறியவர்கள் இப்பக்கத்து ஏழைத் தொழிலாளர். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மிஷன் வரலாற்றில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதை இம்மலரில் எழுதி வைப்பது நம் கடமை.

செண்பகனூர்த் துறவிகள் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. மலைகளில் நடந்து செடிகளையும் உயிரினங்களையும் சேகரித்தனர்; அங்குள்ள அருங்காட்சியகம் அவ்வுழைப்பின் பலன். பழனி மலையின் கற்றிட்டைகளை ஆங்கிளாட் சுவாமிகள் நியூட்டன் சுவாமிகளுடன் ஆராய்ந்து எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பிற்காலத்தில் கே. எம். மாத்யூ சுவாமிகள் பழனி மலைத் தாவரங்களை முழுமையாகத் தொகுத்து 1999இல் நூலாக்கினார். அவர் கேரளத்துப் பிள்ளை. வெளிநாட்டவர் ஏற்றிய விளக்கை நம்மவர் ஏந்திக்கொண்டனர் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்று வெளிநாட்டுப் பள்ளி மாணவர்கள் விடுமுறையில் சில வாரங்கள் தொண்டு செய்ய நம் நாட்டிற்கு வருகின்றனர், வரவேற்கிறோம். ஆனால் அன்றைய மாணவர் முதலில் செய்தது தமிழ் கற்றது. மக்களின் மொழியைக் கல்லாமல் அவர்கள் துன்பத்தை அறிய முடியாது என்று உணர்ந்திருந்தனர். பலர் தம் பெற்றோரை மீண்டும் காணாமலேயே இம்மண்ணில் துயில்கின்றனர்.

நம் பங்கின் இளைஞரிடம் ஒன்று கேட்கின்றோம். கடல் கடக்க வேண்டியதில்லை. மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலும், ஏலத்தோட்டத்திற்குக் கூலி வேலைக்குச் செல்வோர் வீடுகளிலும் படிப்புக்கு உதவி தேடும் குழந்தைகள் உண்டு. ஒரு கோடை விடுமுறையை அவர்களுக்குத் தாருங்கள். அதுவே அந்த இளம் துறவிகளுக்கு நாம் செலுத்தும் யூபிலிக் காணிக்கை. இறைவன் நம் முயற்சிகளை ஆசீர்வதிப்பாராக!