சேத்துப்பட்டிலிருந்து வீடு வீடாக

உதியன்குளங்கரைப் பக்கம் பழைய தலைமுறையினர் காசநோயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டார்கள். 'அந்தச் சீக்கு' என்பதோடு சரி. ஆள் தெற்கே ஆசாரிப்பள்ளம் காசநோய் மருத்துவமனைக்கோ வடக்கே புலையனார்கோட்டை காசநோய் மருத்துவமனைக்கோ போயிருக்கிறார் என்று சொன்னால், கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். 1956 நவம்பர் 1 அன்று ஆசாரிப்பள்ளம் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. புலையனார்கோட்டை கேரளத்தில் நின்றது. நோய்க்கு இந்த எல்லை தெரியாது.

அதே 1956இல்தான் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவற்றின் கூட்டு முயற்சி அது. பொறுப்பேற்றவர் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். சானடோரியக் கட்டில்களோ சில, நோயாளிகளோ பல லட்சம். வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா?

நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சானடோரியம், நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றவர்களுக்கு நெரிசலான பழைய வீடே கதி. இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் (PAS) ஆகிய மருந்துகள் ஓராண்டு. முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. அறிக்கை 1959இல் வெளிவந்தது.

மருந்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ, அந்த ஆய்வின் உயிர் படியேறிய கால்களில் இருந்ததாகத் தோன்றுகிறது. மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போனதா என்றறியச் சிறுநீரையும் வாங்கிப் போனார்கள். இது போலீஸ் வேலை மாதிரி இருக்கிறதே என்று நோயாளி முணுமுணுத்திருந்தால் குற்றமில்லை.

நோயாளியோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. ஒரே கூரையின்கீழ் இருந்த மனைவி, குழந்தைகள், முதியோர் என இரு பிரிவுக் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தில் கூடுதலாக யாரும் நோயில் விழவில்லை. மருந்து தொடங்கியதும் பரவும் வலு வேகமாகக் குறைகிறது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் அதற்கு முன்பே தொற்றிவிடுகிறது.

எங்கள் பக்கத்திலோ, நோய் இன்னதென்று தெரிந்த அன்றுதான் நோயாளியின் தட்டும் டம்ளரும் தனியாகத் திண்ணைக்கு வரும். அதற்கு முந்தைய மாதங்களில் அவர் இருமிக்கொண்டே, பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்திருப்பார்.