ஆலயத்தின் ஆடை

தியானப் பகுதி: ஆதியாகமம் 2:8–15



அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில், இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துச் சென்ற எத்தியோப்பிய மந்திரியை நீங்கள் அறிவீர்கள். பிலிப்பு அவருக்கு வேதத்தை விளக்கினார். வழியிலே தண்ணீரைக் கண்டதும் அவர் ஞானஸ்நானம் பெற்று, மகிழ்ச்சியுடன் தம் பயணத்தைத் தொடர்ந்தார். அதற்குமேல் வேதம் அவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆயினும் எத்தியோப்பியத் திருச்சபை அவரைத் தன் விசுவாசத்தின் முன்னோராக இன்றளவும் நினைவுகூருகிறது. அந்தத் திருச்சபை தன் ஆலயங்களைச் சுற்றி நூற்றாண்டுகளாகக் காத்துவந்த காடுகளின் சரித்திரத்தை இவ்வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

கிறிஸ்தவம் அந்நாட்டில் அரச மதமாக வேரூன்றியது நான்காம் நூற்றாண்டில். தீரு பட்டணத்தைச் சேர்ந்த புருமென்தியுஸ் என்பவர் இளம் வயதிலேயே அக்சும் இராஜ்யத்திற்கு வந்து சேர்ந்து, அரண்மனையில் செல்வாக்குப் பெற்றார். பின்னாளில் அலெக்சந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் அவரையே எத்தியோப்பியாவின் முதல் பேராயராக அபிஷேகம் செய்து அனுப்பினார். எசானா மன்னன் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டான். பிறையும் வட்டமும் பொறிக்கப்பட்டிருந்த அவனுடைய நாணயங்களில் பிற்பாடு சிலுவை இடம்பெற்றது. அன்று தொடங்கிய ஆராதனை, போர்களையும் பஞ்சங்களையும் ஆட்சி மாற்றங்களையும் கடந்து, பதினாறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அம்மண்ணில் ஓயாமல் நடந்துவருகிறது.

அந்நாட்டின் வடபகுதி மேட்டுநிலங்களை வானிலிருந்து பார்ப்பவருக்கு ஓர் அபூர்வமான காட்சி கிடைக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை உழவு நிலங்களும் மேய்ச்சல் தரைகளும் பழுப்பு நிறத்தில் விரிந்துகிடக்கும். அவற்றின் நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வட்ட வடிவிலான பசுமைத் திட்டுகள் தெரியும். ஒவ்வொரு திட்டின் மையத்திலும் ஓர் ஆலயத்தின் கூரை இருக்கும். அப்பகுதியில் மிஞ்சியுள்ள பழமையான இயற்கைக் காட்டின் பெரும்பங்கு இத்தகைய ஆலயக் காடுகளிலேயே அடங்கியிருக்கிறது. தெற்கு கோண்டர் வட்டாரத்தில் மட்டும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆலயங்கள் உள்ளன. காடுகளில் சில ஐந்தாறு ஏக்கருக்குள் அடங்குபவை. சில நூற்றுக்கணக்கான ஏக்கர் பரந்தவை. சூனிப்பர், காட்டொலிவம், நம் நறுவிலியின் இனத்தைச் சேர்ந்த வான்சா முதலிய மரங்கள் அவற்றில் ஓங்கி நிற்கின்றன. வெளியே அரிதாகிவிட்ட பறவைகளுக்கும் வண்டுகளுக்கும் தேனீக்களுக்கும் அவையே புகலிடம்.

இக்காடுகளைக் காத்தது எது? அரசாங்கத்தின் வனச்சட்டம் அன்று. ஆராதனையே அவற்றைக் காத்தது.

எத்தியோப்பியக் கிராமத்து ஆலயங்கள் பெரும்பாலும் வட்ட வடிவில் கட்டப்படுகின்றன. உள்ளே மூன்று வளையங்கள். நடுவில் மகா பரிசுத்த ஸ்தலம். அங்கே உடன்படிக்கைப் பெட்டியின் அடையாளமாகிய தாபோத் வைக்கப்பட்டிருக்கும். அதைச் சுற்றி நற்கருணை வழங்கப்படும் பரிசுத்த ஸ்தலம். அதற்கு வெளியே பாடகர்கள் நின்று துதிக்கும் பிராகாரம். ஆனால் பரிசுத்தம் கட்டடச் சுவரோடு முடிந்துவிடுகிறது என்று அம்மக்கள் எண்ணவில்லை. சுற்றிலும் நிற்கும் காட்டை ஆலயத்தின் ஆடையாகக் கண்டார்கள். மரங்களற்ற ஆலயம் உடையற்ற மனிதனுக்கு ஒப்பானது என்பது அங்கு வழங்கும் எண்ணம். காட்டை ஏதேன் தோட்டத்தின் சாயல் என்றும் போதித்தார்கள். காய்ந்த கிளையானாலும் அது ஆலயத்தின் தேவைக்கே உரியது. மரத்தின் நிழலில் துறவிகள் ஜெபித்தார்கள். வேதம் கற்கும் மாணவர்கள் குடிசை அமைத்துத் தங்கினார்கள். மரித்தோர் அந்த மண்ணிலேயே அடக்கம்பண்ணப்பட்டார்கள். பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு கிராமத்தின் வாழ்வு அந்த மரங்களின்கீழ் நடந்தது.

தானா ஏரியின் கரையிலுள்ள செகே தீபகற்பம் இதற்கு மற்றொரு சாட்சி. துறவிமடங்கள் நிறைந்த அவ்விடத்தில், நிலத்தை உழுவதும் மாடு வளர்ப்பதும் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பரிசுத்தவான் ஒருவர் விதித்ததாக மரபு கூறுகிறது. அங்குள்ள மக்கள் காட்டு மரங்களின் நிழலிலேயே காப்பிச் செடியை வளர்த்துப் பிழைத்தார்கள். காட்டை அழித்தால்தான் வயிறு நிறையும் என்ற வாதத்திற்கு அந்தச் சிறு நிலம் பல தலைமுறைகளாக மறுப்புரைத்து நின்றது.

பிரியமானவர்களே, இனி ஆதியாகமத்திற்கு வருவோம். தேவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்தபோது அவனிடம் இரண்டு பணிகளை ஒப்படைத்தார்: நிலத்தில் உழைப்பது, அதைக் காப்பது. மூலமொழியாகிய எபிரெயத்தில் இவ்விரண்டிற்கும் வரும் சொற்கள் கவனிக்கத்தக்கவை. எண்ணாகமம் 3ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் செய்யவேண்டிய ஊழியத்தையும் காவலையும் குறிக்க அதே இரு சொற்களே பயன்படுகின்றன. ஆதாமின் தோட்ட வேலையும் லேவியரின் கூடார வேலையும் ஒரே மொழியில் சொல்லப்பட்டுள்ளன. மரத்தைப் பராமரிப்பது ஆராதனைக்கு அப்பாற்பட்ட உலகக் காரியம் என்று நாம் பிரித்துவைக்கிறோம். வேதமோ இரண்டையும் ஒரே ஊழியமாகப் பேசுகிறது. எத்தியோப்பியாவின் எளிய கிராமத்து விசுவாசிகள் இதை விளக்கவுரை எழுதி நிலைநாட்டவில்லை. மரங்களை நிற்கவிட்டே நிலைநாட்டினார்கள்.

ஆனாலும் இந்தச் சரித்திரத்தைப் புகழுரையாக மட்டும் சொல்லி முடித்தால் அது உண்மையாகாது. அதற்குத் துயரமான மறுபக்கமும் உண்டு.

1930களின் பிற்பகுதியில், இத்தாலி அந்நாட்டை ஆக்கிரமித்திருந்த காலத்தில், வானிலிருந்து எடுக்கப்பட்ட புகைப்படங்கள் இன்றும் உள்ளன. அவற்றை இக்காலத்துப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஆலயக் காடுகள் பல தம் இடத்திலேயே நிலைத்திருப்பதைக் கண்டார்கள். அதே வேளையில், அன்று அவற்றைச் சூழ்ந்திருந்த புதர்களும் மரங்களும் மறைந்து, உழவு நிலம் காட்டின் விளிம்புவரை வந்துவிட்டதையும் கண்டார்கள். பரிசுத்தம் என்று எண்ணப்பட்ட எல்லைக்குள் மரம் நின்றது. அந்த எல்லைக்கு வெளியே, அதே மக்களின் கைகளாலேயே, அது விழுந்தது.

1975ஆம் ஆண்டு வேறொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. புரட்சி அரசு கிராமப்புற நிலங்களையெல்லாம் நாட்டுடைமையாக்கியது. பெரும் நிலவுடைமை பெற்றிருந்த திருச்சபை ஒரே சட்டத்தால் அவற்றை இழந்தது. குருமார் ஏழைகளாயினர். பஞ்சம் வந்தது, போர் வந்தது. ஆலயத்தைச் சூழ்ந்த மரங்கள் அப்போதும் பெரும்பாலும் தப்பின. ஆனால் வருமானமற்ற பல சபைகள் காட்டின் ஓரத்திலும் உள்ளேயும் தைல மரங்களை நடத் தொடங்கின. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தை, 1890களில், இரண்டாம் மெனெலிக் பேரரசனின் காலத்தில், விறகுப் பஞ்சம் தீரும்பொருட்டு அந்நாட்டிற்குக் கொண்டுவந்திருந்தார்கள். அது விரைவில் வளரும்; வெட்டி விற்கலாம்; ஆலயத்தின் கூரையைப் பழுதுபார்க்கலாம். ஆனால் அது நீரை மிகுதியாக உறிஞ்சும். அதன் நிழலில் நாட்டு மரங்களின் கன்றுகள் எளிதில் தலையெடுப்பதில்லை. அவற்றை நட்டவர்களை நாம் குற்றம்சாட்டத் துணியலாகாது. வறுமை, காவல்காரனையே சோதிக்கும். காவலைக் கேட்கிற சமுதாயம் காவல்காரனின் உணவையும் எண்ணிப்பார்க்கவேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

இன்னொரு ஆபத்து அதனினும் அமைதியானது. அலெமாயெஹு வாஸி என்ற எத்தியோப்பிய வனவியலாளர் இக்காடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். காடு வெளிப்பார்வைக்குச் செழிப்பாகவே இருந்தது. வயது முதிர்ந்த மரங்கள் கம்பீரமாக நின்றன. ஆனால் குனிந்து தரையைப் பார்த்தபோது இளங்கன்றுகள் அரிதாக இருந்தன. பல நாட்டு மரங்களின் விதைகள் மண்ணில் நெடுங்காலம் உயிரோடு காத்திருப்பதில்லை. விழுந்த பருவத்திலேயே முளைக்கவேண்டும். முளைத்ததையும் ஆடுமாடுகள் மேய்ந்தன, அல்லது மிதித்தன. வேலியிட்டு மந்தையைத் தடுத்த இடங்களில் கன்றுகள் தப்பிப் பிழைத்தன. விதைக்கிறவனின் உவமையில் வழியருகே விழுந்த விதை மிதிபட்டுப்போனதை நாம் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! அங்கே அது கண்முன் நிகழ்ந்தது. முதியவர்கள் மட்டும் நிறைந்து, பிள்ளைகள் இல்லாத சபையைப் போல் இருந்தன அக்காடுகள். அத்தகைய சபை எத்தனை காலம் நிலைக்கும்?

மருந்து எளிமையானதாகவே இருந்தது. மார்கரெட் லோமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அலெமாயெஹுவோடு இணைந்தார். இருவரும் குருமாரைக் கூட்டி, வானிலிருந்து எடுத்த படங்களைக் காட்டி, காடு சுருங்குவதை விளக்கினார்கள். முடிவைக் குருமாரும் கிராமத்தாருமே எடுத்தார்கள்: காட்டைச் சுற்றிக் கல்மதில் எழுப்புவது. கற்களுக்கு அலையவேண்டியதில்லை, உழவுக்கு இடையூறாக வயல்களில் கிடந்தவற்றையே பொறுக்கி அடுக்கினார்கள். வயலும் சீர்பட்டது, காட்டிற்கும் காவல் கிடைத்தது. ஏசாயா 5ஆம் அதிகாரத்தில், தன் திராட்சத்தோட்டத்தின் கற்களை அகற்றி அதற்கு வேலியும் அமைக்கிற எஜமானை நாம் வாசிக்கிறோம் அல்லவா? வாயில் வழியாக மனிதர் ஆராதனைக்கு வந்தார்கள், மந்தை வெளியே நின்றது, கன்றுகள் தலையெடுத்தன. சில இடங்களில் மதிலை மரங்களின் விளிம்பைவிட்டுச் சற்றுத் தள்ளியே எழுப்பினார்கள், காடு வளர்ந்து வெளியே வருவதற்கு இடம் இருக்கட்டும் என்று.

அந்தச் சற்றுத் தள்ளிய மதிலிலே என் உள்ளம் நிலைத்து நிற்கிறது. அந்த இடைவெளி ஒரு விசுவாச அறிக்கை. அதில் வளரப்போகும் மரத்தின் நிழலை, மதிலை அடுக்கிய முதியவர் காணமாட்டார்.

1989ஆம் ஆண்டு, கொன்ஸ்தாந்திநோபிளின் பிதாப்பிதா திமேத்ரியோஸ், செப்டம்பர் 1ஆம் நாளைப் படைப்பிற்காக ஜெபிக்கும் நாளாக ஆசரிக்க அழைப்பு விடுத்தார். 2015இல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அதே நாளைக் குறித்தார். நம் போன்ற சீர்திருத்த சபைகள் பலவும் இன்று அந்நாளையும் அதைத் தொடரும் வாரங்களையும் ஆசரிக்கின்றன. இவையெல்லாம் நன்றே. ஆயினும் அறிக்கைகள் பிறக்கும் முன்பே, காலநிலை மாற்றம் என்ற சொல்லையே கேட்டிராத மக்கள், தேவன் வாசம்பண்ணும் இடத்தைச் சுற்றியுள்ளவையும் அவருடையவை என்ற பயபக்தியினால் காடுகளைக் காத்தார்கள் என்பதை மறவாதிருப்போம்.

அவர்களுடைய சரித்திரம் நம்மிடம் இரண்டு கேள்விகளை வைக்கிறது.

முதலாவது, நம் ஆலயத்தின் ஆடை எங்கே? வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று வேம்பை வெட்டுகிறோம். இலை உதிர்ந்து குப்பையாகிறது என்று புங்கனை வெட்டுகிறோம். வளாகம் முழுவதும் சிமெண்டுக் கல் பதித்து, மழைநீர் மண்ணில் இறங்க ஒரு சாண் இடமும் விடாமல், அதற்குச் சபை வளர்ச்சி என்று பெயரிடுகிறோம். பின்பு கோடைகாலத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து, மழைக்காக உபவாசக் கூட்டம் நடத்துகிறோம். யுத்த காலத்தில் முற்றுகையிட்ட பட்டணத்தின் கனிமரங்களைக்கூட வெட்டலாகாது என்று உபாகமம் 20ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. சமாதான காலத்தில் வெட்டுகிற நாம் என்ன பதில் சொல்வோம்?

இரண்டாவது, நாம் பரிசுத்தத்தின் எல்லையை எங்கே வரைகிறோம்? எத்தியோப்பியாவின் காடுகள் எல்லைக்குள் பிழைத்தன. எல்லைக்கு வெளியே அழிந்தன. ஆலய வளாகத்தில் பயபக்தியோடு நடந்து, வாசலைத் தாண்டியதும் ஏரிக்கரையில் குப்பையைக் கொட்டுகிறவன், அந்த எல்லையைத் தன் மனத்திலேயே வரைந்துகொண்டவன். சங்கீதம் 24 பூமி முழுவதையும் அதன் நிறைவையும் கர்த்தருக்கே உரியதாக்குகிறது. அங்கே மதில் எதுவும் இல்லை. கிணறும், குளமும், தெருவோரத்து ஆலமரமும், நம் வயல் வரப்பும் அவருடைய பிராகாரமே.

இவ்வாரம் உங்கள் ஆலய வளாகத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றி நடந்து பாருங்கள். எந்த மரத்தை உங்கள் முன்னோர் நட்டார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு நாட்டு மரக்கன்றை நடுவதற்குச் சபைக் கமிட்டியில் பேசுங்கள். நடுவதோடு நில்லாமல், முதல் மூன்று கோடைகள் அதற்குத் தண்ணீர் ஊற்றப்போகிறவர் யார் என்பதையும் அன்றே தீர்மானியுங்கள். கன்றைக் காக்காத நடுகை புகைப்படத்திற்கு மட்டுமே உதவும்.

ஜெபம்: எங்களைத் தோட்டத்திலே வைத்த பிதாவே, நீர் ஒப்படைத்ததைக் காக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். உமது ஆலயத்திற்கு உள்ளே நாங்கள் கொண்டிருக்கும் பயபக்தி அதன் வாசலோடு முடிந்துவிடாதிருக்கக் கிருபை செய்யும். நாங்கள் காணாத நாளில் எங்கள் பிள்ளைகள் அமரப்போகும் நிழலுக்காக இன்றே உழைக்கும் மனதைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.