பட்டியலில் ஒரு பெயர்: திருவக்கரையிலிருந்து வாக்குரிமை வரலாறு



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவை நடத்துகிறோமோ, அந்த ஆசிரியர் மறைந்த பிறகு அவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். கவிதையோ கட்டுரையோ இருக்கும் என்று நினைத்துத் திறந்தோம். உள்ளே இருந்தவை பள்ளிக்கூட நோட்டுகள். திருவக்கரைக் காலனியிலும் சுற்றியுள்ள சேரிகளிலும் வளர்ந்த பிள்ளைகளின் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த தேதி, எந்த ஆண்டில் பதினெட்டு நிறைகிறது என்ற கணக்கு ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பட்டியலில் பெயர் சேர்ந்தவர்களுக்கு எதிரே ஒரு சிறிய கோடு போட்டிருந்தார். கோடு போடாத பெயர்களே அதிகம்.

அந்தக் கோடு விழாத பெயர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். இளைஞர்களின் வாக்காளர் பதிவை எளிதாக்குவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நமக்கு அது கைப்பேசிச் செயலியோடு முடிந்துவிடும் காரியம் அல்ல. நூறாண்டுகளாக நாம் நடத்திவரும் வழக்கின் இன்றைய வாய்தா அது.

திருவக்கரைக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்குக் காரணங்கள் உண்டு. பௌர்ணமியன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வருகிறார்கள். மற்ற நாட்களில் கல்மரம் பார்க்க வருகிறார்கள். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப் போன மரங்கள் அவை. 1781-இல் சோனரா என்ற ஐரோப்பியர் அவற்றைப் பற்றி எழுதினார். இன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அந்த இடத்துக்கு வேலியிட்டுக் காவல் காக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. காக்க வேண்டிய செல்வம்தான். அதே வட்டாரத்தில் கருங்கல் குவாரியிலும் கிரஷரிலும் கல் உடைக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். கல்லான மரத்துக்குப் பதிவேடு வைத்திருக்கும் அரசு, கல் உடைப்பவர் மகளின் பெயரைத் தன் பதிவேட்டில் ஏற்ற எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்பதுதான் நம் கேள்வி.

பதிவேட்டில் எந்தப் பெயரில் நிற்பது என்பது நம் முன்னோர்களுக்குச் சிறிய விஷயமாக இருந்ததில்லை. குடிக்கணக்கில் நம் மக்களை எப்படி எழுத வேண்டும் என்று பண்டிதர் அயோத்திதாசர் வாதாடினார். 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசு ஏடுகளில் ஏறியது. 1924-இல் தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலையிலும் கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த இருவரும் அந்த அவைக்குள் நியமன உறுப்பினர்களாகவே போனார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் நிலையில் நம் மக்கள் இல்லை. வாக்கு என்பது அன்று நிலவரி கட்டுபவனுக்கும் சொத்து வைத்திருப்பவனுக்கும் உரியது. பண்ணையில் உழைத்தவன் பெயர் பண்ணையார் கணக்கில் கடனாளியாக இருந்தது. வாக்காளர் பட்டியலில் இல்லை.

இதை முதலில் உடைத்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னபோதே, சொத்தை அளவுகோலாக வைத்தால் தீண்டப்படாதவர் ஒருபோதும் வாக்காளர் ஆக முடியாது என்பதை எடுத்துக்காட்டினார். 1928-இல் சைமன் குழுவிடம் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார். படித்த பிறகு வாக்குத் தரலாம் என்றவர்களுக்கு அவர் வைத்த வாதம், வாக்களிப்பதே ஒரு கல்வி என்பது. 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனிவாக்காளர் தொகுதி போயிற்று. கூட்டு வாக்காளர் தொகுதியில் ஒதுக்கீடு வந்தது. அதன் பிறகு 1935 சட்டத்தின்படி நடந்த தேர்தலிலும் சொத்து, வரி, எழுத்தறிவு என்ற வாசற்படிகள் இருந்தன. மொத்த மக்களில் ஆறில் ஒரு பங்கினர்கூட வாக்காளர் ஆகவில்லை.

பூனா ஒப்பந்தத்தின் கணக்கை இன்றைய இளைஞர்கள் ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். திருவக்கரை அடங்கிய வானூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. நிற்பவர் நம்மவர், தேர்ந்தெடுப்பவர்கள் எல்லோரும். அப்படியென்றால் பட்டியலில் விடுபடும் நம் ஒவ்வொரு பெயரும், நம் பிரதிநிதியை அடுத்தவர் தயவுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. தொகுதி நமக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது; பட்டியல் ஒதுக்கப்படவில்லை.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். அதற்கும் நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. சங்கராபரணி ஆற்றின் போக்கிலேயே போனால் மண்ணாடிப்பட்டும் வில்லியனூரும் வரும். அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. அங்கே 1870-களிலேயே, சொத்துத் தகுதி பாராமல் வயது வந்த ஆண்களுக்கு வாக்கு இருந்தது. ஆனால் சாதித் தலைவர்களின் கையில் தேர்தல் இருந்தது. வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்களின் வாக்கும் பெட்டியில் விழுந்தது. பிரிட்டிஷ் கரையில் ஏழைக்குப் பெயர் இல்லை. பிரெஞ்சுக் கரையில் பெயர் இருந்தும் வாக்கு அவன் கையில் இல்லை. பட்டியலில் சேர்வதும், சேர்ந்ததை நாமே காப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்பதை இந்த இரண்டு கரைகளும் சொல்லித் தருகின்றன.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது உண்மையிலேயே பெரிய காரியம். அரசியல் சட்டம் எழுதி முடிவதற்கு முன்பே, 1948-இலிருந்து அதிகாரிகள் வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய் எழுதினார்கள். ஓரிடத்தில் 180 நாட்கள் குடியிருந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகள் அதை எப்படிக் காட்டுவார்கள்? இந்த ஊரிலேயே நிலையாக வாழப் போகிறேன் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும் என்று அரசு ஏற்றுக்கொண்டது. இதை நம் இளைஞர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காகிதம் இல்லாதவனின் வாய்ச்சொல்லை நம்பித்தான் இந்தக் குடியரசின் முதல் பட்டியல் எழுதப்பட்டது. 1951-52 தேர்தலுக்கு 17 கோடிக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள்.

குறைகளும் இருந்தன. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிவான ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், நீக்கப்பட்டன. சொந்தப் பெயரைச் சொல்லாத பெண்ணுக்கு வாக்கு இல்லை என்றார் முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். நம் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் எழுதுகோல் கர்ணம், மணியம் கைகளில் இருந்தது. அந்தப் பரம்பரைப் பதவிகளைத் தமிழக அரசு 1980 நவம்பரில்தான் ஒழித்தது. ஊர்த்தெருவில் குடியிருந்தவர் சேரியின் கணக்கை எழுதிய காலம் அவ்வளவு நீண்டது.

வயதுக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 326-ஆவது பிரிவு முதலில் 21 வயது என்றது. 61-ஆவது திருத்தம் அதை 18 ஆக்கி 1989 மார்ச் 28-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முடிந்துவிட்டது. நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில்தான் இங்கே பதினெட்டு வயதினர் முதல்முறை விரலில் மை வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் சட்டம் சொன்ன பதினெட்டு ஒன்று; பட்டியல் எண்ணிய பதினெட்டு வேறொன்று. ஆண்டின் ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆசிரியரின் நோட்டில் இருந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். குவாரித் தொழிலாளியின் மகள், 2003 ஜனவரி 9-இல் பிறந்தவள். 2021 ஏப்ரல் 6-இல் சட்டமன்றத் தேர்தல். அன்று அவளுக்குப் பதினெட்டே கால் வயது, வாக்கில்லை. அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. தன் தெருக்குழாய்க்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவளுக்குப் பதினெட்டே முக்கால் வயது, அன்றும் வாக்கில்லை. எட்டு நாள் வித்தியாசத்தில் இரண்டு தேர்தல்கள் போயின. அடுத்த ஆண்டு விண்ணப்பித்தாள். பள்ளிச் சான்றில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அவள் அப்பா ஒரு நாள் கூலியை விட்டு உடன் போனார். மறுமுறை அவர் போகவில்லை. ஆசிரியர் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தார். 2024 ஏப்ரல் 19-இல் அவள் முதன்முதலாக வாக்களித்தபோது அவளுக்கு வயது 21. நாடு 1989-இல் விட்டுவந்த வயது அது.

2022 ஆகஸ்ட் முதல் விதி மாறியிருக்கிறது. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் வந்துவிட்டன. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். இது 2021-இலேயே இருந்திருந்தால் அந்தப் பெண் ஊராட்சித் தேர்தலிலாவது வாக்களித்திருக்கக் கூடும். இந்த மாற்றத்தை நாம் மனதார வரவேற்கிறோம். வரவேற்றுவிட்டு, மீதியைக் கேட்கிறோம்.

மீதி என்பது வீடும் காகிதமும். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது 'சாதாரணமாக வசிக்கும் இடம்'. பட்டா கேட்கவில்லை, சொந்த வீடு கேட்கவில்லை. வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போனதாலேயே ஒருவர் தன் ஊர் வசிப்பை இழக்க மாட்டார் என்றும் அதே சட்டம் சொல்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் விடுதி முகவரியிலோ பெற்றோர் வீட்டு முகவரியிலோ, ஏதாவது ஓரிடத்தில் பதியலாம். வீடே இல்லாதவருக்கும் வழி இருக்கிறது: அவர் சொன்ன இடத்தில் இரவில் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் போய்ப் பார்த்து உறுதி செய்தால் போதும். சட்டம் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது. சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் குறை.

இந்த வட்டாரத்து இருளர் மக்களின் அனுபவமும் நமக்குப் பாடம். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் காவல்துறைக் கொடுமையை மட்டும் எதிர்க்கவில்லை. சாதிச் சான்று என்ற ஒரு காகிதத்துக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடியது. ஒரு காகிதம் இல்லாதவருக்கு அடுத்த காகிதமும் கிடைப்பதில்லை. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, பின்னாளில் வாக்காளர் பதிவுக்கும் பிறப்புச் சான்றே வயதுக்கான ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. இன்று சூளையில் பிறக்கும் குழந்தையின் பிறப்பைப் பதியாமல் விட்டால், பதினெட்டு ஆண்டுகள் கழித்து நாம் அதே வரிசையில் மறுபடியும் நிற்போம்.

2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-இல் வெளிவந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் போக, பெரும் பங்கு இடம்பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் வந்தது. இடம்பெயர்வது யார் என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. 1948-இல் அரசு ஆளைத் தேடி வந்து, அவன் சொல்லை நம்பியது. இன்று ஆள் அரசைத் தேடிப் போய்த் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இளைஞர்களுக்குப் பதிவை எளிதாக்குவது என்றால், இந்தச் சுமையை மறுபடி இடம் மாற்றி வைப்பது என்றே நாம் பொருள் கொள்கிறோம்.

ஆகவே நம் மன்றம் கேட்பவை இவை. பதிவு முகாம் பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் குவாரி வாசலுக்கும் சூளைக்கும் விடுமுறை நாளில் வர வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் திருப்பி அனுப்பாமல், அங்கேயே விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும்; நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வரைவுப் பட்டியலைச் சேரியிலும் காலனியிலும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "உன் பேரு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்குதா பாத்தியா?" அப்போது நமக்கு அது கணக்குப்பிள்ளைத்தனமாகப் பட்டது, சிரித்திருக்கிறோம். இப்போது புரிகிறது. அவர் எழுதிக்கொண்டிருந்தது இந்த வட்டாரத்தின் வரலாறு.

நோட்டுகளைத் தெருவாரியாகப் பிரித்து இந்த அரங்கின் வாசலில் வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்து போகும்போது ஆளுக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் திருப்பிக் கொண்டுவாருங்கள். எத்தனை கோடுகள் கூடியிருக்கின்றன என்று சேர்ந்து எண்ணுவோம்.

ஜெய்பீம்.